ஊர் பெயர் இல்லாத ஒரு படம்

என் கைபேசியில் ஒரு நடுகல்லின் படம் இருக்கிறது. கல்லில் பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. வில்லைப் பிடித்த இடது கை தெரிகிறது. முகம் எண்ணெய்ப் பிசுக்கில் கரைந்து போயிருக்கிறது. தலைக்கு மேலே மூன்று வரி வட்டெழுத்து, பழைய தமிழ் எழுத்து வகை. பின்னால் ஒரு புளியமரத்தின் அடிப்பகுதியும் நீலநிறத் தண்ணீர்த் தொட்டியின் ஒரு மூலையும். அனுப்பியவர் அண்ணன், உடன்பிறந்தவர் இல்லை, நான் அப்படிக் கூப்பிடுகிறவர். ஒரு திங்கட்கிழமை மாலை 5.40 மணிக்கு. படத்துக்குக் கீழே ஒரே வரி: "தம்பி, ரெண்டாவது வரியில மூணாவது எழுத்து என்ன?" நான் அலுவலகத்தில் மாதக் கணக்கை முடிக்கும் அவசரத்தில் இருந்தேன். "அப்புறம் பாக்கறேண்ணா" என்று தட்டிவிட்டேன். புதன்கிழமை விடியற்காலையில் நெஞ்சை அடைக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தவர், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார். வயது 63.

ஏழு மாதம் ஆகிறது. பதில் சொல்லாமல் விட்டேனே என்ற உறுத்தல் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது பரவாயில்லை, எல்லோருக்கும் யாரிடமாவது அப்படி ஒரு பாக்கி இருக்கும். என்னைத் தூங்கவிடாதது வேறு. அந்தக் கல் எந்த ஊரில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டார் என்றில்லை, வேண்டுமென்றே சொல்லமாட்டார். முதலில் எழுத்தை மட்டும் காட்டுவார், நான் எதையாவது சொன்ன பிறகுதான் ஊர் பெயர் வரும். "ஊர் தெரிஞ்சா நீ கல்லைப் படிக்கமாட்டே, புத்தகத்தைப் படிப்பே" என்பார். உண்மைதான். ஊர் பெயரைக் கேட்டதும் அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே பதிப்பான கல்வெட்டுகளைப் புரட்டி, அங்கே வரும் பெயர்களை இங்கேயும் தேடுகிற பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பழக்கத்தை ஒடுக்க அவர் வைத்திருந்த ஏற்பாட்டினால்தான் இன்றைக்கு அந்தக் கல் எங்கே என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. சரி, அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் அதில் எழுத்து இருக்கிறது என்று அவர்களில் யாருக்காவது தெரியுமா?

படத்தில் இடத்தைக் கண்டுபிடிக்கும் தகவல் இருக்குமே என்று நண்பர்கள் சொன்னார்கள். வாட்ஸப் வழியாக வரும்போது அது உதிர்ந்துவிடுகிறது. அவருடைய கைபேசியை, காரியம் முடிந்த கையோடு, மகன் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டான். அவன்மேல் தப்பில்லை. அப்பாவின் படங்கள் குடும்பத்துக்கு எப்போதும் கேலிப்பொருள்தான். கல்யாண ஆல்பத்தில்கூட மண்டபத்துக்கு வெளியே கிடந்த ஒரு செக்குக் கல் இருக்கிறது.

கம்பத்தின் உச்சியிலிருந்து

அண்ணன் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பத்தாவது வரை படிப்பு. கல்வெட்டு ஆர்வம் எப்படி வந்தது என்று கேட்டால், "கம்பத்து மேல ஏறுனா ஊருக்குள்ள நடக்கறவனுக்குத் தெரியாத கல்லெல்லாம் தெரியும்" என்பார். வயல் நடுவில் தனியாக நிற்கும் பலகைக் கல், ஏரிக்கரையில் சாய்ந்து கிடப்பது, முள்ளுக்குள் மறைந்து கிடப்பது. இறங்கி வந்து போய்ப் பார்ப்பார். திருவண்ணாமலை, செங்கம், தண்டராம்பட்டு என்று அவர் வேலை பார்த்த பகுதி முழுக்க நடுகல் நிலம். 1972-ல் வெளியான செங்கம் நடுகற்கள் தொகுப்பு அந்த நிலத்தில் தேடித் திரட்டியதுதான். அது தெரியாமலேயே பல வருஷம் அவர் அதே கற்களைத் தானாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். தொகுப்பின் நகல் கைக்குக் கிடைத்த அன்று வருத்தப்பட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். "நான் பாத்ததுல முக்கால்வாசி இதுல இருக்கு தம்பி, அப்ப நான் சரியாத்தான் பாத்திருக்கேன்" என்று சிரித்தார். மீதிக் கால்வாசியைப் பற்றி அவர் பெருமையடித்து நான் கேட்டதே இல்லை.

அவருடைய குறிப்பு நோட்டுகளில் எந்த இடமும் சர்வே எண்ணாலோ கோயில் பெயராலோ குறிக்கப்பட்டிருக்காது. "டிரான்ஸ்பார்மருக்கு வடக்கே மூணாவது கம்பம், கிணத்து மோட்டார் லைன் பிரியற இடம், இடது கை வரப்பு" என்று இருக்கும். எனக்குப் படிக்கச் சிரிப்பாக இருந்தது. பிறகு ஒருமுறை அதை வைத்துக்கொண்டு போனபோது, கூகுள் வரைபடம் கொண்டுபோய்விட்ட இடத்தைவிட அது நேராகக் கல்லுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

நாங்கள் அறிமுகமானதே சண்டையில்தான். ஒரு சிறிய சோழர் காலக் கோயிலின் குமுதத்தில், அதாவது அடித்தளத்தின் புடைப்பு வரிசையில், ஒரு துண்டுக் கல்வெட்டு. பின்னாளில் கட்டிய மடைப்பள்ளிச் சுவர் அதன் மீதியை விழுங்கிவிட்டது. சுவருக்குள் போவதற்கு முன்னால் தெரிகிற கடைசிச் சொல் 'இககரணம'. அந்தக் கால எழுத்தில் மெய்க்குப் புள்ளி இல்லை, ரகரமும் நெடிலுக்குப் போடும் காலும் ஒரே வடிவம். ஆகவே அது 'இக்காணம்' ஆகலாம், 'இக்கரணம்' ஆகலாம். முன்னது பொன், பின்னது பத்திரம். அந்த வரியின் பொருளே அதில்தான் இருக்கிறது. நான் காணம் என்றேன். பக்கத்தில் நின்று டார்ச் பிடித்துக்கொண்டிருந்த, அதுவரை நான் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காத மனிதர், "கரணம்னு ஏன் இருக்கக்கூடாது?" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது. இரண்டரை வருஷம் நடந்தது. டீக்கடையில், பேருந்தில், ஒரு முறை துக்க வீட்டில்கூட. நான் பொன் தானம் கொடுத்த கல்வெட்டுகளின் பட்டியலோடு வருவேன். அவர் கரணத்தான், அதாவது கணக்கு எழுதுபவன், கையெழுத்திட்ட கல்வெட்டுகளோடு வருவார். ஒருநாள் எரிச்சலில், "அண்ணா, நீங்க வேணும்னே சொல்றீங்க" என்றுகூடச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, பேச்சை மாற்றினார்.

டார்ச் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தேய்ந்த கல்வெட்டை நேர் வெளிச்சத்தில் படிக்க முடியாது. எழுத்தும் கல்லும் ஒன்றாகிவிடும். கல்லோடு கல்லாக, பக்கவாட்டில் தாழப் பிடித்த வெளிச்சத்தில்தான் வெட்டின் விளிம்பில் நிழல் விழும், எழுத்து எழும். அதனால் இது இரண்டு பேர் வேலை. ஒருவர் டார்ச்சைப் பிடித்து மெதுவாக நகர்த்த வேண்டும், மற்றவர் எதிரே உட்கார்ந்து படிக்க வேண்டும். டார்ச் பிடிப்பவர்தான் உண்மையில் கெட்டிக்காரராக இருக்கவேண்டும், எந்தக் கோணத்தில் எந்த எழுத்து வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்களில் டார்ச் பிடித்தவர் எப்போதும் அவர்தான். படித்தவன் நான். வாசிப்பில் என் பெயர் இருக்கும்.

பட்டான்

சாவு வீட்டு வாசலில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். கருப்புக் கண்ணாடி போட்ட, எப்போதோ எடுத்த படம். பெயர், தோற்றம், மறைவு, 'மின்வாரியப் பணியாளர், ஓய்வு', கீழே வருந்தும் உறவினர்களின் வரிசை. கல்லைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் அவரே ஒருமுறை இப்படிப்பட்ட ஒரு பேனர் முன்னால் வண்டியை நிறுத்தி, எழுத்துப்பிழை பார்த்துவிட்டு, "இதுவும் நடுகல்தான் தம்பி. என்ன, ஆறு மாசம் தாங்கும்" என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

நடுகல்லின் வாசகம் எனக்கு முன்பு வறட்சியாகத் தோன்றும். முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும். அப்புறம் செத்தவன் யாருடைய சேவகன், எந்த ஊர், எந்தத் தொறுப் பூசல், அதாவது மாடு பிடித்த சண்டை. பெயர். பட்டான், அதாவது செத்தான். கல். அவ்வளவுதான். அழுகை இல்லை, அடைமொழி இல்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த, தமிழி என்கிற தமிழ் பிராமிப் பொறிப்புள்ள கல்லில் 'பட்டான்' என்ற சொல்கூட இல்லை. 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்'. ஊர் இருக்கிறது, ஆள் இருக்கிறான், மாடு பிடித்த சண்டை இருக்கிறது. செத்தான் என்பதைக் கல்லே சொல்லிவிடுகிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. அதற்கும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள், கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று. அண்ணனுக்கு மிகவும் பிடித்த கல் அது. "மனுசனுக்கு ஒரு வரி, நாய்க்கு ஒரு வரி. பாரபட்சமே இல்ல பாரு" என்பார்.

சாவு வீட்டிலிருந்து திரும்பும்போது அந்த வறட்சி எனக்குப் புரிந்தது. அவரைப் பற்றி இரங்கல் எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டிருந்தார்கள். 'ஈடு செய்ய முடியாத', 'அரிய' என்று ஒவ்வொரு சொல்லாக எழுதி அடித்தேன். ஐராவதம் மகாதேவன் 2018-ல் காலமானபோது பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. எழுத வேண்டியவர்தான், ஆட்சிப்பணியில் இருந்துகொண்டே தமிழ் பிராமியைத் தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர், எங்களைப் போன்றவர்களுக்கெல்லாம் குலதெய்வம் மாதிரி. அண்ணன் ஒரு கட்டுரை எழுதியதில்லை, மேடை ஏறியதில்லை. அவரைப் பற்றிச் சொல்ல ஆண்டும் ஊரும் செய்த காரியமும்தான் இருக்கிறது. நடுகல் வாசகத்துக்குள் கச்சிதமாக அடங்கிவிடுகிற ஆள். கடைசியில் நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

நோட்டு

முப்பதாம் நாள் கழித்து அண்ணி கூப்பிட்டார். "தம்பி, இருபத்திமூணு நோட்டு இருக்கு. பழைய பேப்பர்காரனுக்குப் போட மனசு வரல. வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? நீங்க வந்து பாத்து எடுத்துக்குங்க." ஒரு பெரிய கட்டைப்பையில் கட்டிக் கொண்டுவந்தேன். முதலில் தேடியது கடைசி நோட்டின் கடைசிப் பக்கத்தை. அந்தத் திங்கட்கிழமை இல்லை. அவர் இரண்டு மூன்று நாள் கழித்து, நிதானமாக உட்கார்ந்துதான் எழுதுவார். அந்த இரண்டு மூன்று நாள் கிடைக்கவில்லை.

பிறகு நான் தேடியது, இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்த 'இககரணம'. யார் சொன்னது சரி என்று அவர் எழுதி வைத்திருப்பார் என்று ஒரு நப்பாசை. பதினாறாவது நோட்டில் இருந்தது. வரி முழுவதையும் வழக்கம்போல் இன்றைய எழுத்தில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். அந்தச் சொல் வந்ததும் நிறுத்திவிட்டு, எழுத்துகளைக் கல்லில் இருக்கிறபடியே பென்சிலால் வரைந்திருக்கிறார். ரகரமா காலா என்று தெரியாத அந்த வடிவத்தை, அதன் அடியில் இருந்த சிறிய சில்லுப் பெயர்வோடு சேர்த்து. பக்கத்தில் கரணம் என்றும் இல்லை, காணம் என்றும் இல்லை. கேள்விக்குறிகூட இல்லை.

என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் நாளே நீல மையில் 'இக்காணம்' என்று எழுதி, அடிக்கோடு போட்டிருந்தேன்.

வெகுநேரம் அந்த இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டரை வருஷம் கரணம் கரணம் என்று என்னோடு மல்லுக்கட்டியவர் ஒரு நாள்கூட அதை நம்பியிருக்கவில்லை. நான் அந்த எழுத்தை மூடிவிட்டுப் போய்விடாமல் இருப்பதற்காக எதிர்ப்பக்கம் போய் நின்றிருக்கிறார். நான் நாளைக்கே கரணம் என்று ஒப்புக்கொண்டிருந்தால், மறுநாள் அவர் காணம் என்று ஆரம்பித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அவர் பக்கங்களை மேலும் புரட்டினேன். எங்கெல்லாம் சந்தேகமோ அங்கெல்லாம் எழுத்து நின்று, படம் தொடங்குகிறது. சில பக்கங்களில் முக்கால்வாசி படம்தான். என்னுடைய பதினொரு நோட்டுகளில் ஒரு படம்கூட இல்லை. நான் பார்த்த கல்லெல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது போல.

ஒருவர் போனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவரோடு போய்விடுகிறது என்று சொல்வார்கள். அவருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எனக்குத் தெரியும், மீதி நோட்டுகளில் இருக்கிறது. போனது அவருடைய சந்தேகம். அதை எங்கே போய்த் தேடுவது? நான் ஒரு வாசிப்பைச் சொன்னால் "ஏன் இருக்கக்கூடாது?" என்று கேட்க ஆளில்லை. கல் பேசாது. நான் சொன்னதுதான் எழுத்து என்றாகிவிடுகிறது, அது எனக்குப் பயமாக இருக்கிறது.

புளியமரமும் நீலத் தொட்டியும்

அதனால்தான் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு அலைய ஆரம்பித்தேன். கணக்கு எளிது. அன்றைக்கு 5.40-க்குப் படம் எடுத்தவர், எட்டு மணிக்கு வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார் என்று அண்ணி சொன்னார். அவருடைய டிவிஎஸ் ஃபிப்டி போகிற வேகத்துக்கு, நாற்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கவேண்டும். நாற்பது கிலோமீட்டருக்குள் புளியமரம் இல்லாத ஊர் இல்லை. நீலத் தொட்டி இல்லாத ஊரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு ஊர், மூன்று ஊர். டீக்கடையில் படத்தைக் காட்டுவேன். "இது எங்க ஊரு இல்லீங்க. ஆனா இந்த மாதிரி ஒண்ணு எங்க ஊர்லயும் இருக்கு" என்பார்கள், பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து கூட்டிக்கொண்டு போவார்கள். இப்படி ஒன்பது கல் பார்த்துவிட்டேன். இரண்டு ஏற்கெனவே தொகுப்பில் உள்ளவை. ஒன்றை வேடியப்பன் என்ற ஊர்ச்சாமியாகக் கும்பிட்டு, எனாமல் பெயிண்டில் மீசை வரைந்திருக்கிறார்கள். ஒன்று துணி துவைக்கிற கல், எழுத்துப் பக்கம் கீழே இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்க நாலு பேர் வேண்டும். ஒன்று போன வருஷம் சாலை அகலப்படுத்தும்போது இருந்தது, இப்போது இல்லை. அந்த இடத்தை மட்டும் காட்டினார்கள். படத்தில் இருக்கும் கல் இன்னும் கிடைக்கவில்லை.

போன மாதம் போன ஊரில் வேப்பமரத்தடியில் ஒரு கல். புளியமரம் இல்லை, ஆகவே இது அது இல்லை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. வாசலில் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்த ஆயா ஒருத்தர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீதான் அந்தப் படிக்கிற பையனா?" என்றார். புரியவில்லை. "கரண்டு ஆபீசு ஆளு ஒருத்தரு வந்தாரே, சின்ன வண்டியில. ரெண்டு வருசம் இருக்கும். தண்ணி வாங்கிக் குடிச்சாரு. இந்த வேடியப்பனப் படிக்க எங்க ஊர்ல ஒரு தம்பி இருக்கான், கூட்டியாரேன்னு சொல்லிட்டுப் போனாரு. அவரு வரலியா?"

அவருக்குப் படிக்கத் தெரியாதா என்ன? என்னைவிட நன்றாகத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டிருப்பார், நான் எத்தனை முறை அப்புறம் என்றிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கத் துணிவில்லை. "இல்ல ஆயா, அவரு வரல" என்றேன். அதற்குமேல் வாய் வரவில்லை. ஆயாவும் கேட்கவில்லை. முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்து, கல்மேல் கிடந்த சருகைத் தள்ளிவிட்டார்.

வெயில் இறங்கிவிட்டது. கல் கிழக்கே பார்த்து நின்றது, அதன்மேல் வெயில் விழுவது காலையில்தான். ஒரு கையில் டார்ச்சைப் பிடித்து, மறு கையில் நோட்டை வைத்துக்கொண்டு முயன்றேன். டார்ச்சைத் தள்ளிப் பிடித்தால் எழுத முடியவில்லை, எழுதக் குனிந்தால் வெளிச்சம் நேராகிவிடுகிறது. ஒரு செங்கல்லை நிறுத்தி அதன்மேல் வைத்தேன், உருண்டு விழுந்தது. ஆயா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். "குடு இங்க" என்று வாங்கிக்கொண்டார்.

முதலில் கல்லின் முகத்துக்கு நேரே அடித்தார், சாமிக்குத் தீபாராதனை காட்டுகிற மாதிரி. "அப்படி இல்ல ஆயா, ஓரமா, கல்லோட ஒட்டி. இன்னும் கீழ." குந்தி உட்கார்ந்து, இடது விளிம்பில் வைத்துப் பிடித்தார். கை லேசாக நடுங்கியது. அந்த நடுக்கத்தில் நிழல் அசைந்து, முதல் வரியின் நடுவில் ஒரு சொல் எழுந்து வந்தது. நான் நோட்டில் பென்சிலால் வரைய ஆரம்பித்தேன்.

"என்ன போட்டிருக்கு?"

"தொறுன்னு இருக்கிற மாதிரி இருக்கு ஆயா. மாட்டு மந்தை."

"யாரு மாடு?"

"தெரியல. இன்னும் கொஞ்சம் தாழப் புடிங்க."